இழுப்பறைக்குள் பூட்டிய மவுஸ்

ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் புயல். இருபத்திரண்டு வருடமாக விசைப்பலகையே கதி. மவுஸைத் தொட்டால் வேகம் போய்விடும் என்பது அவள் கட்சி. அதனால்தான் மேலாளர் பெருமையோடு ஆளுக்கொரு விளக்கெரியும் மவுஸ் வாங்கி, எல்லாக் கணினியிலும் அதற்கான மென்பொருளையும் ஏற்றித் தந்தபோது, தன்னுடையதைப் பெட்டியோடு இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டாள்.

மறுநாளே ஆரம்பித்தது வினை. அடித்த எழுத்து ஆற அமர வந்து திரையில் உட்கார்ந்தது. ஒரு நாளில் நாற்பது பக்கம் தள்ளுகிறவள் பதினைந்துக்கே திணறினாள். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் வந்தார், நின்றபடியே மெஷினில் கோளாறில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மெஷினில் இல்லையென்றால் வேறு எதில் இருக்கும்? மேலாளர் பல்லைக் காட்டிக்கொண்டு, "புயல் கரையைக் கடந்துருச்சு போல" என்றார். திங்கட்கிழமையிலிருந்து அவள் தபால் உறை ஒட்டும் பிரிவுக்குப் போகவேண்டுமாம்.

அவளுக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. உறை ஒட்டுவது ஒன்றும் கேவலமில்லை. செய்யாத குற்றத்துக்காக ஒட்டுவதுதான் கேவலம். வயசாகிறது, விட்டுக்கொடுத்துப் போயேன் என்று ஆறுதல் சொல்ல வந்த தங்கை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். இவள் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கணினிக்குள் விசிறி மட்டும் ஊளையிட்டது. நான் ஒன்றுமே செய்யாதபோது இது எதற்கு மூச்சு வாங்குகிறது? மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி, எந்த மென்பொருள் எவ்வளவு விழுங்குகிறது என்ற பட்டியலைத் திறந்தாள். உச்சியில் இருந்தது மவுஸ் விளக்கை இயக்கும் மென்பொருள். பிராசஸரில் எண்பத்தாறு சதவீதம் அதன் வாயில். நிறுத்தினாள், அடுத்த நொடியே எழுந்து வந்தது. பக்கத்து மேசையில் போய்ப் பார்த்தாள். அங்கே அதே மென்பொருள் ஒரு சதவீதம்கூட எடுக்காமல் சமர்த்தாக இருந்தது. அங்கே மவுஸ் செருகியிருந்தது. சந்தேகம் தட்டியது. அதை உருவினாள். அந்த விசிறியும் ஊளையிட ஆரம்பித்தது.

விஷயம் அவ்வளவுதான். இல்லாத மவுஸை அது பதினாறு நாளாக ஓயாமல் தேடிக்கொண்டிருந்தது.

மேலாளர் வந்ததும் காட்டினாள். அவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப தப்பு உங்க மேலதானேம்மா? மவுஸைச் செருகுங்க, தீர்ந்துச்சு" என்றார்.

"வேணாம்னு வச்சது நான்தான் சார். தேடச் சொன்னது நான் இல்ல."

அவர் கண்ணெதிரிலேயே மென்பொருளை அடியோடு நீக்கினாள். விசிறி அடங்கியது. எழுத்து விரலோடு சேர்ந்து ஓடியது. அனுமதியில்லாமல் நீக்கியது விதிமீறல், விளக்கக் கடிதம் வேண்டும் என்று அவர் குரலை உயர்த்தினார். சாப்பிட்டுத் திரும்பியவர்கள் சுற்றி நின்றார்கள். அவர் பேசி முடிப்பதற்குள் கடிதத்தை அடித்து, அச்செடுத்து நீட்டினாள்.

"மென்பொருளை நீக்கியது நான்தான். காரணத்தைக் கண்டுபிடித்ததும் நான்தான். பதினாறு நாளாகக் காரணத்தைத் தேடாதவர்கள் யார் யார் என்று தெரிவித்தால், அவர்களுடைய விளக்கக் கடிதங்களையும் நானே அடித்துத் தருகிறேன். திங்கட்கிழமை இதே நாற்காலியில் இருப்பேன்."