முப்பதுக்கு முப்பது வேண்டாம்

கோபத்தை மங்கையர்க்கரசி மாதிரி கெடாமல் பாதுகாக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஹிஞ்சேவாடியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் மற்றவர்கள் எழுதிய ப்ரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் இப்போது அவளுக்கு உத்தியோகம். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற இந்த வேலையை 1997-இல் சம்பளமில்லாமலே ஆரம்பித்துவிட்டாள்.

அப்பா கோவிந்தராஜ் கடக்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளி. வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வடக்கே வந்த குடும்பம், குடியிருப்பு தொழிற்சாலை குவார்ட்டர்ஸில். மங்கை பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் வருஷம். கணக்கு வாத்தியார் ரவிசந்திரனும் தமிழர்தான், வானவடியில் வீடு. ஆனால் வகுப்பில் தமிழ் அவர் வாயில் வராது. அவர் பேப்பர் திருத்துகிற விதம் தனி. கையில் தன் விடைக் குறிப்பு, பையன் எழுதியதில் கடைசி வரி மட்டும் பார்ப்பார். ஒத்துப்போனால் டிக், இல்லையென்றால் முட்டை. நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க அவருக்குப் பொறுமை கிடையாது.

முதல் இடைத்தேர்வை மங்கை பென்சிலில் எழுதினாள். அழித்து அழித்துப் போடுவது சுலபம் என்பதால். இன்டக்ரேஷன் கணக்கு இருக்கிறதே, அதில் ஒரே கேள்விக்குச் சரியான விடை இரண்டு மூன்று தோற்றத்தில் வரும். அவளுடைய விடைகளின் தோற்றம் சாரின் விடைக் குறிப்போடு ஒத்துப்போகவில்லை. வரிசையாக முட்டை. போய்க் கேட்டாள். சார் சுவரில் ஒட்டியிருந்த தேர்வு விதிகளைக் காட்டினார்: பென்சிலில் எழுதியதற்கு மறுதிருத்தம் கிடையாது.

அதோடு விட்டிருந்தால் அவளும் விட்டிருப்பாள். வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, என்றைக்குமில்லாமல் தமிழில் சொன்னார்.

"ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்லேர்ந்து வந்துட்டு உனக்கெதுக்கும்மா மேத்ஸ்? பிம்ப்ரில மாத்திரை பேக் பண்றதுக்கு இவ்ளோ படிப்பு வேண்டாம்."

வகுப்பில் மற்ற யாருக்கும் முழுசாகப் புரியவில்லை. குத்த வேண்டியவளுக்கு மட்டும் குத்தியது. அடுத்த இடைத்தேர்வில் பாதிக்குக் கீழே போனால் வருஷப் பரீட்சைக்கு உட்கார முடியாது. அப்படி ஆனால் பிம்ப்ரி மாத்திரைக் கம்பெனி வேலைக்கே அனுப்பிவிடுவதாக அப்பாவும் சொல்லியிருந்தார்.

மற்றவர்கள் பாடத்தைப் படித்தார்கள். மங்கை முதலில் விதிகளைப் படித்தாள். மார்க் தவறாக இருந்தால் மூன்று நாளுக்குள் துறைத் தலைவரிடம் கேட்கலாம், பேனாவில் எழுதியிருக்க வேண்டும். அவளுக்கு அது போதும். ஒவ்வொரு கணக்கையும் சாரின் விடை போலத் தெரியாத, ஆனால் அப்பழுக்கில்லாத ஒரு விடையில் கொண்டுபோய் முடிக்கப் பழகினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு முட்டை போடுவார். அத்தனை முட்டையையும் துறைத் தலைவர் ஜோக்லேகர் மேடத்தின் மேஜையில் வைக்க வேண்டும். ஒரு மனுஷனின் மூக்கை உடைப்பதற்காக அவள் படித்த படிப்பை அதற்கு முன் எந்தப் பரீட்சைக்கும் படித்ததில்லை.

பேனாவில் எழுதினாள். கடைசிக் கணக்கில் பாதி போகும்போது மணி அடித்துவிட்டது.

பேப்பர் வந்தது. முப்பதுக்கு முப்பது. சார் அதை அவள் மேஜையில் போட்டுவிட்டுக் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "சந்தோஷமா? இனிமே தகராறு பண்ணாம இரு."

பாதியில் நின்ற கணக்குக்கும் முழு ஐந்து மார்க்! இந்தத் தடவை கடைசி வரியைக்கூட அவர் பார்க்கவில்லை. குரைக்கிற நாய்க்கு பிஸ்கெட் போடுவதுபோல் போட்டிருக்கிறார். முட்டை வாங்கியபோதுகூட இவ்வளவு அவமானமாக இருந்ததில்லை.

"பைத்தியமா நீ? ஃபுல் மார்க் கிடைச்சிருக்கு, சும்மா இரேன்" என்றாள் பக்கத்தில் இருந்த ப்ரீதி, இந்தியில்.

மங்கை சும்மா இருக்கவில்லை. நேரே ஜோக்லேகர் மேடத்திடம் போனாள். பேப்பரைப் பார்த்த மேடம், இதற்கு மேல் என்ன மார்க் போட முடியும் என்று இந்தியில் கேட்டார்.

"குறைக்கணும் மேடம்" என்றாள், அதே இந்தியில். "கடைசிக் கணக்கை நான் முடிக்கவே இல்லை."

மார்க் கூடுதலாக இருந்தால் கேட்கக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. ஆனால் ஆபத்தும் இருந்தது. பிரித்துப் படிக்கப்போய், வேறு தோற்றத்தில் இருக்கும் விடைகளையெல்லாம் மேடமும் அடித்துவிட்டால் கதை முடிந்தது; நேரே பிம்ப்ரிதான்.

மேடம் ரவிசந்திரனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். முதல் விடையைப் பார்த்ததும் சார் சிவப்புப் பேனாவால் அடிக்கப் போனார்.

"அடிக்காதீங்க. திருப்பி டிஃபரன்ஷியேட் பண்ணிப் பாருங்க" என்றார் மேடம்.

பண்ணினார். கேள்வியே திரும்பி வந்தது; விடை சரி. மேடம் அடுத்ததையும் பண்ணச் சொன்னார். சார் ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடத்துப் பையன்போல் ஓரத்தில் கிறுக்கிக் கிறுக்கிச் சரிபார்த்தார், காதுமடல் சிவந்துபோயிற்று. மங்கை நின்றுகொண்டே, ஒரு வரி விடாமல் ரசித்துப் பார்த்தாள். கடைசிக் கணக்கில் ஐந்தையும் அடித்தார். இருபத்தைந்து.

"போன தேர்வுக் கட்டையும் சேர்த்து, வகுப்பு மொத்தத்தையும் திரும்பத் திருத்துங்க" என்றார் மேடம்.

"அதுல பாதி பென்சில் மேடம். ரூல்..."

"அந்த விதி மாணவர்களுக்கு. எனக்கில்லை."

வராந்தாவில் இரண்டு கட்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த ரவிசந்திரன் அவளைப் பார்த்து நின்றார். "அஞ்சு மார்க் போச்சு. உனக்கு என்ன கிடைச்சுது இதுல?" தமிழில்தான் கேட்டார்.

"நீங்க உக்காந்து படிச்சீங்களே சார்" என்றாள்.

குவார்ட்டர்ஸில் கோவிந்தராஜுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. முப்பது வாங்கிய பெண் அதை இருபத்தைந்தாக்கிக்கொண்டு வந்து, ஜிலேபி வாங்கிவரச் சொல்கிறாள்.