வேன்காரர் கோடு போட்ட வரிகள்

ஒரு மனிதர் வாராவாரம் வந்து, சின்ன வயதில் சொந்த வீட்டுக்குள்ளேயே வதைபட்டவர்கள் எழுதிய புத்தகங்களை மட்டும் தேடித் தேடி எடுத்துப் போனால், அவரைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? என் சித்தி இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் நானே ஒரு பதிலைக் கட்டிக்கொண்டேன்.

நான் பள்ளிக்கூடம் முடித்திருந்த சமயம். அடுத்து என்ன என்று தெரியவில்லை, வீட்டில் ஓர் இடத்தில் உட்காரவும் முடியவில்லை. "அங்க காலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறதுக்கு இங்க வந்து ஆட்டு" என்று சித்தி தன் வாடகை நூலகத்துக்கு அழைத்துக்கொண்டாள். நூலகம் என்றால் அவள் வீட்டு முன்னறை. ஏழு இரும்பு அலமாரிகள், ஒரு மேசை, கால் ஆடும் இரண்டு நாற்காலிகள். திரும்பி வரும் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து, கிழிசலை ஒட்டி, பென்சில் கிறுக்கல்களை ரப்பரால் அழித்து வைப்பது என் வேலை. போன் நம்பர், குழந்தைகள் அட்டைப் படத்துக்குப் போட்ட மீசை, எல்லாவற்றையும் அழிப்பேன். படிக்க மாட்டேன்.

அந்த மனிதர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். நாற்பத்தேழு வயது, கல்யாணமாகவில்லை, சைக்கிள் கடைக்கு மேல் ஒற்றை அறையில் இருந்தார். பன்னிரண்டு வருடமாக அதே வேன். சின்ன வகுப்பில் மூன்று வருடம் நானும் அதில் போயிருக்கிறேன். அவரை மாமா என்போம். முதுகுக்குப் பின்னால் 'ஊமை ஹாரன்'. காரணம், அவர் ஹாரனே அடிக்க மாட்டார். மற்ற வேன்கள் தெருமுனையிலிருந்தே அலறிக்கொண்டு வரும். இவர் மட்டும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, கதவைத் தட்டிக் குழந்தையைக் கூட்டி வருவார். சாயங்காலமும் அப்படித்தான், கதவு திறந்து ஆள் வந்த பிறகுதான் பையைக் கையில் கொடுப்பார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு நூலகத்துக்கு வருவார். கதை, துப்பறியும் நாவல், சமையல், எதையும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். நேராகக் கடைசி அலமாரியின் கீழ்த் தட்டு. அப்பாவிடம், சித்தப்பாவிடம், விடுதிக் காப்பாளரிடம் அடியும் சூடும் பட்டு வளர்ந்தவர்கள் பெரியவர்களாகி எழுதிய புத்தகங்கள் அங்கே ஒன்பது இருந்தன. யாரோ வீடு மாறும்போது மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போனவை. இவரைத் தவிர யாரும் தொட்டதில்லை.

"வந்துட்டாரு பாரு, அழுகாச்சி அலமாரிக்கு" என்பாள் சித்தி, அவர் காதில் விழாத அளவுக்கு. அவர் போன பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "ஏண்டி, நல்ல மனுஷன் இதைப் போய் ஏன் படிக்கணும்? அதுவும் ரெண்டாவது தடவை?"

அதற்குப் பிறகுதான் அவர் போட்ட பென்சில் கோடுகளை அழிப்பதற்கு முன் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை ஒரு நோட்டில் எழுதியும் வைத்தேன்.

'மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில் வீட்டில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.'

'நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.'

'வெயில் காலத்திலும் சட்டையைக் கழற்ற மாட்டேன்.'

இப்படி இரண்டு பக்கம் சேர்ந்தது. வரிசையாகப் படித்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சித்தியிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"உன்னை ஏதாவது... வேன்ல போறப்ப?"

"இல்ல சித்தி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். அந்த மூன்று வருடத்தில் எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் அவர் என் தண்ணீர் பாட்டில் மூடியை இறுக்கித் தந்தது. ஏன் இறுக்கித் தந்தார் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

அந்த வாரமே பல் டாக்டர் வீட்டம்மா புத்தகம் மாற்ற வந்தார். அவர் மகள் அந்த வேனில்தான் போகிறாள். பேச்சுவாக்கில் சொன்னார்: "எல்லாப் பிள்ளைங்களையும் இறக்கிட்டு, தண்ணித் தொட்டிக்குப் பின்னால வண்டிய நிறுத்தியிருந்தாருங்க. உள்ள அந்த முழுக்கை மட்டும்."

முழுக்கை என்பது மூன்றாம் வகுப்புப் பையன். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு வருவதால் வேன் பிள்ளைகள் வைத்த பெயர். அவன் வீடு பள்ளிக்கு அடுத்த தெரு. நடந்தே போய்விடலாம். அவனை முதலில் இறக்காமல் ஏன் கடைசியாக இறக்குகிறார்? சித்தி என்னைப் பார்த்தாள். நான் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த முன்னறையில் எட்டுப் பெற்றோர், வேன் முதலாளி, நடுவில் கால் ஆடும் நாற்காலியில் மாமா. பல் டாக்டர் வீட்டம்மா என் நோட்டைச் சத்தமாகப் படித்தார்.

"இதெல்லாம் நீங்க கோடு போட்டதா?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

"மறந்துடக் கூடாதுன்னு."

அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தப் பையனை வச்சுக்கிட்டு தொட்டிக்குப் பின்னால என்ன வேலை?"

"அவன் வீட்டுப்பாடம் எழுதுவான். நான் படிச்சுக்கிட்டிருப்பேன்."

"இந்தப் புத்தகத்தையா?" என்று ஒருவர் கேட்டார். மாமா ஆமென்று தலையை ஆட்டினார். இதைவிட மோசமான பதிலை யாரும் சொல்லியிருக்க முடியாது என்று நினைத்தேன்.

பையனையும் அழைத்து வந்திருந்தார்கள். அப்பா அவன் தோளில் கை வைத்து நின்றார். "மாமா உன்னை ஏதாவது பண்ணாரா?" என்று கேட்டதற்கு அவன் தரையைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. எல்லோருக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. போலீசுக்குப் போகலாம் என்று சிலர் குதித்தார்கள். பையனின் அப்பாதான் மெதுவாக, "போலீஸ் எல்லாம் வேணாங்க. பையன் பேர் அடிபடும். வேலைய விட்டு அனுப்பிட்டாப் போதும்" என்றார். எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்தேன்.

வேன் முதலாளி சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எழுந்து நின்ற மாமா, பையனின் அம்மாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நாளைலேர்ந்து பையன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவான்?"

"அது உனக்கெதுக்குய்யா?" என்று நாலு பேர் ஒன்றாகக் கத்தினார்கள். அந்த அம்மா புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை, மாமா கையிலிருந்த கடைசிப் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் ரப்பரை எடுத்தேன். இன்னும் ஏதாவது சிக்குமா என்ற ஆசையில்தான் பக்கத்தைப் பிரித்தேன். அதே வரி, நான் அழித்த பிறகு மறுபடியும் கோடு போட்டிருந்தார். மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில் வீட்டில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். கோடு அங்கே முடிந்திருந்தது. அன்றுதான் முதல்முறையாக அதற்கு அடுத்த வரியைப் படித்தேன்.

'அந்த நேரத்தில் யாராவது என்னைத் தெருவில் பிடித்து வைத்திருந்தால், என் அம்மா வரும்வரை சும்மா பேசிக்கொண்டிருந்தால், அன்றைக்கு நான் தப்பித்திருப்பேன்.'

ரப்பரைக் கீழே வைத்தேன். அந்தப் புத்தகத்தை அன்றே முடித்தேன். மறுநாள் இன்னும் இரண்டு. நான் நோட்டில் எழுதிய வரி ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்தேன். வெயிலிலும் சட்டையைக் கழற்றாதது, அடிபட்ட தழும்பை மறைக்க. நம்ப மாட்டார்கள் என்று தெரிந்திருந்தது, அடித்தவருக்கு. வெளியிலிருந்து ஒருவர் கவனித்திருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய இடங்களுக்கு மட்டும் மாமா கோடு போட்டிருந்தார். அவற்றில் எத்தனையை இத்தனை மாதமாகப் படிக்காமலே அழித்திருக்கிறேன் என்று தெரியாது.

"சித்தி, முழுக்கையோட அப்பாவுக்கு என்ன வேலை?"

"மில்லுல விடியக்காலை ஷிஃப்ட். மத்தியானமே வந்துடுவாரு. ஏன்?"

"அம்மா?"

"தையல் கம்பெனி. வீடு வந்து சேர நாலே முக்கால் ஆயிடும்."

புது டிரைவர் கிட்டத்தில் இருக்கும் வீட்டுப் பிள்ளையைத்தானே முதலில் இறக்குவார்? அன்று பள்ளி விடும் நேரத்துக்குப் போய் நின்றேன். தெருமுனையிலிருந்தே ஹாரன். மூன்று நாற்பதுக்கு முழுக்கை தன் வீட்டு வாசலில் இறங்கினான். வேன் போய்விட்டது. அவன் கேட்டைத் திறக்காமல் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து அவன் பெயரைச் சொல்லி ஒரு குரல் கூப்பிட்டது. போனான். நான் எதிர்ச் சுவர் ஓரம் மரம்போல நின்றிருந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை சித்தியை இழுத்துக்கொண்டு சைக்கிள் கடை மாடிக்குப் போனேன். சித்திக்குச் சந்தேகம் தீரவில்லை. மழையே இல்லாத நாளில் கையில் குடை. உள்ளே வர மறுத்து வாசற்படியிலேயே நின்றாள். அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஆணியில் இரண்டு சட்டை. கட்டிலுக்கடியில் எதுவுமே இல்லை, ஒரு பெட்டிகூட.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் ஏன் மாமா சொல்லல?" என்று கேட்டேன்.

"அவங்கப்பா அங்கதானம்மா நின்னாரு. அவரை வச்சுக்கிட்டு நான் சொல்லியிருந்தா, எல்லாரும் எழுந்து போன பிறகு பையனுக்கு யார் துணை?"

"பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்கலாமே" என்றாள் சித்தி வாசலிலிருந்து.

"போன வருஷமே சொன்னேங்க. உங்க வேலை வண்டி ஓட்டுறதுன்னாங்க. சரி, அந்த வேலையிலேயே என்ன முடியும்னு பார்த்தேன். அவனைக் கடைசி ஆளாக்கினேன்."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கதவைத் தட்டுறேன் இல்ல? திறக்கிறப்போ பிள்ளைங்க மூஞ்சி எப்படி மாறுதுன்னு பார்ப்பேன். ஆனா தப்பாப் பார்த்துட்டா ஒரு குடும்பமே போயிடுமே. அதுக்குத்தான் படிச்சேன். இவங்கல்லாம் என்னென்ன சொல்றாங்க, இவன்கிட்ட அது இருக்கான்னு."

சித்தி குடையால் தரையைத் தட்டினாள். "ஹாரன் ஏன் அடிக்கிறதில்ல? அதையும் சொல்லிடுங்க."

"எங்கப்பா லாரி டிரைவருங்க. வாசல்ல வந்து ஹாரன் அடிப்பாரு. நான் கட்டிலுக்கு அடியில போயிடுவேன்" என்றார்.

கீழே இறங்கும்போது சித்தி, "இவர் சொல்றதும் கதையா இருக்கலாம்" என்றாள். இரண்டு படி இறங்கி, "இருந்தாலும் அந்தம்மாவைப் பார்ப்போம்" என்றாள்.

தையல் கம்பெனி வாசலில், சாப்பாட்டு இடைவேளையில் அவரைப் பிடித்தோம். எங்களைப் பார்த்ததுமே முகம் இறுகிவிட்டது.

"இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? அதான் ஆளை அனுப்பியாச்சே."

சித்தி என்னை முழங்கையால் இடித்தாள். நான் கொண்டுவந்திருந்த புத்தகத்தைப் பிரித்து, கோடு போட்ட வரியோடு அடுத்த வரியையும் சேர்த்து மெதுவாகப் படித்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இடுப்பில் தொங்கிய சின்னக் கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"முழுக்கைச் சட்டை நான்தான் தைச்சேன்" என்றார். "ஆறு சட்டை. கொசு கடிக்குதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லச் சொன்னேன்."

"அந்த மனுஷன் எத்தனை மணிக்கு வருவான்னு கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு, அவருக்குத் தெரியும்னு. என் வாய்தான் திறக்கல" என்றார்.

"இன்னிக்குச் சாயங்காலம் அவனை நூலகத்துல இறக்கச் சொல்லுங்க. நீ வர்ற வரைக்கும் நான் பார்த்துக்கறேன்" என்றாள் சித்தி. நீங்கள் நீயாகிவிட்டது. அந்த அம்மா அப்போதுதான் அழுதார்.

மூன்று நாள் முழுக்கை எங்கள் மேசையில் வீட்டுப்பாடம் எழுதினான். நான்காம் நாள் அவனும் அம்மாவும் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். குழந்தைகள் நல அதிகாரியிடம் புகார் கொடுக்க அந்த அம்மாவோடு சித்தியும் போனாள், குடையோடு. அதிகாரி ஒரு பெண். மாமாவையும் அழைத்துக் கேட்டார், அவர் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டார். வழக்கு நடக்கிறது.

மாமாவுக்கு வேன் திரும்பக் கிடைக்கவில்லை. பல் டாக்டர் வீட்டம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கறது நல்லதுதானேம்மா" என்றார். நோட்டைக் கொடுத்தவள் நான், அவரிடம் என்ன சண்டை போடுவது? மாமா இப்போது ஒரு பேக்கரிக்கு ரொட்டி வண்டி ஓட்டுகிறார். கடைக் கதவுகளையும் இறங்கித்தான் தட்டுகிறாராம், கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ சந்தேகப்பட்டது நல்லதும்மா. யாரும் என்னைக்கும் சந்தேகப்படாததாலதான் இத்தனை புத்தகம் எழுத வேண்டியிருக்கு. அடுத்த வரியையும் படிச்சிருக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு இன்னும் வருகிறார். கீழ்த் தட்டில் இப்போது நானும் எடுக்கிறேன். அவர் கோடுகளை நான் அழிப்பதில்லை. சித்தி பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறாள்.

இதைப் படித்தவர்கள் எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். உங்கள் தெருவில் வேன் ஓட்டுகிறவரிடம், சட்டை தைக்கிறவரிடம், வகுப்பில் வருகை எடுக்கிறவரிடம் இதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். ஓர் இடத்தை மட்டும் பிரித்துக் காட்டாதீர்கள். முழுவதையும் கொடுங்கள்.