இரண்டு பக்கத்துக்கும் ஒரே மண்டபம்

போன ஞாயிற்றுக்கிழமை சின்னமனூரில் என் தம்பி மகனுக்குக் காதுகுத்து. மொட்டை போட்டாயிற்று. தலையில் சந்தனமும் பூசியாயிற்று. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார். இலை போடட்டுமா என்று சமையல்காரர் எட்டி எட்டிப் பார்க்கிறார். எல்லாம் தயார்... தாய்மாமனைத்தான் காணோம்!

மாமன் மடியில் உட்கார வைக்காமல் எங்கள் பக்கம் எந்தப் பிள்ளைக்காவது காது குத்தியிருக்கிறார்களா? ஊசியே இல்லாவிட்டாலும் சமாளித்துவிடலாம், மடி இல்லாமல் முடியாது.

என் போன் அடித்தது. அந்த மாமன்தான். தம்பி மனைவி ரம்யாவின் அண்ணன் பாண்டி, ஓடைப்பட்டியில் திராட்சை போடுகிறவர்.

"மதினி, மண்டபம் பூட்டிக் கிடக்கு. மேளக்காரவுக, சீர்த்தட்டு கொண்டாந்த பொம்பளையாளுக எல்லாரும் ரோட்டுல நிக்கிறாக. என்ன இது?"

"எங்கன நிக்கிறீக?"

"கம்பத்துலதான்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பம் மண்டபத்தில் மோட்டார் கெட்டுத் தண்ணீர் இல்லை என்று, முந்தின நாள் சாயங்காலமே சின்னமனூருக்கு மாற்றியிருந்தோம். எங்கள் பக்கத்துச் சொந்தம் முழுக்கச் சரியாக வந்து இறங்கிவிட்டது. ஓடைப்பட்டிக்காரர்கள் மட்டும் எப்படிக் கம்பத்துக்குப் போனார்கள்? "இருங்க, என்னன்னு கேட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்தேன்.

இங்கே என் தம்பி செந்திலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் இருந்தபடியே பெங்களூர் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். "ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு வழி சொல்ல முடியாதுக்கா" என்று, இந்த விசேஷத்துக்காகவே ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சாட் பாட் செய்துவிட்டான். நேரம், மண்டபம், பஸ் — எது கேட்டாலும் பதில் சொல்லும். ஏதாவது மாறினால் தானாகவே எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பும். அதை நம்பி யாரும் யாருக்கும் போன் செய்யவில்லை, ரம்யா உட்பட.

செந்தில் லேப்டாப்பைத் திறந்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா... நம்ம பக்கத்துக்கு ஒரு ஃபைல், அவுக பக்கத்துக்கு ஒரு ஃபைல். ரெண்டுலயும் மண்டபம்னு தனித்தனியா வேரியபிள் வச்சிருக்கேன். நம்ம ஃபைல்ல மாத்திட்டேன். அது அங்கன போகல."

வேரியபிள் என்றதும் பயந்துவிடாதீர்கள். பெயர் எழுதி ஒட்டிய டப்பா, அவ்வளவுதான். ஆனால் ஒரு ஃபைலின் டப்பாவில் என்ன இருக்கிறது என்று, நாமாகச் சொல்லி வைக்காத வரை, அடுத்த ஃபைலுக்குத் தெரியாதாம்.

"ஒரு காதுகுத்துக்கு எதுக்குடா ரெண்டு ஃபைல்?"

"ரம்யாதான் சொன்னா. அவ அண்ணனுக்குப் போற மெசேஜ், நம்ம பெரியப்பாவுக்குப் போறது மாதிரி மொட்டையா இருக்கக் கூடாதாம். 'பெருமதிப்பிற்குரிய தாய்மாமன் அவர்களே'ன்னு வரணுமாம். அதான் ஃபைலை அப்படியே காப்பி எடுத்து, மரியாதைய மட்டும் கூட்டுனேன்."

மரியாதை கூடிவிட்டது. மண்டபம் மட்டும் பழையது! கம்ப்யூட்டருக்குள்ளும் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று சுவர் எழுப்ப நம்மால்தான் முடியும்.

செந்தில் பரபரவென்று தட்டினான். மண்டபத்தை ஒரு பொது ஃபைலில் வைத்து, மற்ற ஃபைல்கள் அங்கேயே போய்ப் பார்த்துக்கொள்ளும்படி செய்தான். "இனிமே பிரச்சினையே இல்லக்கா" என்று நிமிர்ந்தான். சாட் பாட்டும் உடனே பாண்டிக்கு மெசேஜ் அனுப்பியது: 'பெருமதிப்பிற்குரிய தாய்மாமன் அவர்களே! மண்டபம் மாற்றப்பட்டுள்ளது.'

மறுபடியும் போன்.

"ரோட்டுல நிக்கிறவனுக்கு மாப்ள மிசினை விட்டுத்தான் சேதி சொல்வாகளோ? ஏன், அவுகளுக்கு வாயில்லையா? நாங்க ஊருக்குத் திரும்புறோம் மதினி."

பக்கத்தில் நின்ற ரம்யாவுக்கும் கேட்டுவிட்டது. கண் கலங்கிப் போனாள். அந்த நேரம் பார்த்து எங்கள் சொந்தத்தில் ஒருவர், "நேரம் போகுதுல்ல, நம்ம சித்தப்பா மடியில வச்சுக் குத்திருவோம்" என்று யோசனை சொன்னார்.

"எங்கண்ணன் மடியில்லாம எம்புள்ள காதுல ஊசி படக் கூடாது" என்றவள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டாள்.

அவர்கள் வந்த வேன் அப்படியே ஓடைப்பட்டிக்குத் திரும்பிவிட்டால், இனி எந்த முகத்தோடு இவள் பிறந்த வீட்டு வாசலை மிதிப்பாள்?

"பைக்கை எடுடா" என்றேன். லேப்டாப்பை என் கையில் திணித்துவிட்டுச் செந்தில் கம்பத்துக்குப் பறந்தான். பூட்டிய மண்டபத்தின் முன்னால் அத்தனை பேர் பார்க்கக் கையெடுத்துக் கும்பிட்டு, "தப்பு என்னோடதுதான் மச்சான். நீங்க வந்தாத்தான் விசேசம்" என்றானாம். பாண்டி கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, மேளக்காரர்களிடம் "ஏறுங்கப்பா" என்றாராம்.

அப்புறமென்ன... மேளம் முழங்கச் சீர் வந்தது. மாமன் மடியில் உட்கார்ந்து மருமகன் ஊரைக் கூட்டினான். ரம்யாவும் அழுதாள், சிரித்துக்கொண்டே. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

பந்தியில் பாண்டி நிதானமாகக் கேட்டார். "ஆமா மாப்ள, அதை இப்ப எப்படிச் சரி பண்ணீக?"

தம்பிக்கு உற்சாகம். "பொதுவா ஒரே ஃபைல் மச்சான். அதுல மாத்துனாப் போதும், ரெண்டு பக்கமும் மாறிரும்."

"அது எங்கன இருக்கு?"

"என் லேப்டாப்புலதான்."

பாண்டி சாப்பிடுவதை நிறுத்தினார். "அதெப்படி? பொதுவானது உங்க வீட்டுலயே இருக்கலாமா? எங்க பக்கத்துக்கும் தனியா ஒரு காப்பி போட்டு வைங்க."

இப்போதுதான் மலையிறங்கி வந்திருக்கும் மச்சானிடம் முடியாது என்று சொல்லிவிட முடியுமா? சாப்பிட்ட கை காய்வதற்குள் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டான்!