என் வீட்டுக்காரர் போட்ட பெண் வேஷம்

பதுளைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த ஆண்கள் சேர்ந்து ஒரு நாடக சபை நடத்தினார்கள். பகலெல்லாம் அரிசியும் கருவாடும் நிறுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் மீசையை முறுக்கிக்கொண்டு ராஜபார்ட் ஆகிவிடுவார்கள். என் வீட்டுக்காரருக்கு மீசை சரியாக வளராது. அதனால் அவருக்கு எப்போதும் பெண் வேஷம்தான்.

அந்த வருஷம் எடுத்தது ஒரு பழைய சிரிப்பு நாடகம். பெண்டாட்டிக்குப் பயந்து நெற்குதிருக்குள் ஒளிந்துகொள்ளும் மந்திரியின் கதை. அந்தப் பெண்டாட்டி என் வீட்டுக்காரர். பெண் வேஷம் போடுகிறவர் தம் வீட்டுச் சேலையைத்தான் கட்ட வேண்டும் என்பது சபையின் வழக்கம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியைத் திறந்து என் முகூர்த்தச் சேலையை எடுத்துக்கொண்டு போனார். போய்த் தொலையட்டும் என்று விட்டேன்.

ஒத்திகை நடந்த நாட்களில் எங்கள் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரிடம், "பிள்ளைக்கு நெருப்பாக் கொதிக்குதுங்க, வைத்தியரக் கூட்டியாங்க" என்று கெஞ்சினேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். காதில் விழாதவர் போல ஒத்திகைக்குப் போனார். பக்கத்து வீட்டுக்காரி ஓடிப்போய் வைத்தியரை அழைத்து வந்ததால் பிள்ளை பிழைத்தது. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நானும் வயிற்றெரிச்சலை அடக்கிக்கொண்டு இருந்துவிட்டேன்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை பகலில், அரிசி மூட்டைகளை ஒதுக்கிய ஒரு கிட்டங்கியில் நடந்தது. பெண்களை ஓரமாக மூங்கில் தட்டிக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். மந்திரி குதிருக்குள் ஒளிந்ததும் இவர் என் சேலையில் வந்து நின்றார்.

"பிள்ளைக்கு நெருப்பாக் கொதிக்குதுங்க, வைத்தியரக் கூட்டியாங்க!"

என் குரல், என் இழுப்பு, அழுகையை நான் விழுங்கிய விதம்கூட அப்படியே. கிட்டங்கியே குலுங்கிச் சிரித்தது. தட்டிக்குப் பின்னால் பெண்களும் சிரித்தார்கள்.

"பாவி மனுசா! பெத்த பிள்ளை சாகக் கிடந்தது உனக்குக் கூத்தா?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன். முன்னைவிடப் பெரிய சிரிப்பு, கைதட்டல். அதையும் நாடகத்தில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்துக்கொண்டு வந்தார்.

"நீ கத்துனது நல்லா எடுபட்டுச்சு புள்ள. பண்டாரவளையில ஆடயிலயும் வந்து அதே எடத்துல கத்திடு."

அடித்திருந்தால்கூட அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. "சரிங்க" என்றேன்.

மாட்டு வண்டியில் அவர்களோடு பண்டாரவளைக்குப் போனேன். அங்கேயும் தட்டி, அங்கேயும் பெண்கள் அதற்குப் பின்னால். அவர் வசனத்தைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். என் கத்தலுக்காகத் தட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. சிரிப்பு அடங்கியது. மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. இன்னொரு தரம் சொல்லும்போது அவர் குரல் கம்மிவிட்டது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேயிலைத் தோட்டத்துப் பெண் பதறிப்போனாள். "ஐயோ, இம்புட்டு ஆம்பளைங்க இருக்காங்களே, ஒருத்தராச்சும் எந்திரிச்சுப் போயி வைத்தியரக் கூட்டியாரக் கூடாதா?"

அது மேடைவரை கேட்டது. அவர் தலை குனிந்துகொண்டார். அடுத்த வசனம் வரவில்லை.

எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.