தவறு என்னுடையது, ஆனாலும் கூப்பிட்டேன்

எனக்காக ஜெபித்த எங்கள் சபையாருக்கும் இதை வாசிக்கிற மற்ற விசுவாசிகளுக்கும் எஸ்தர் ராணி எழுதுகிறேன். போதகர் ஐயா இரண்டு மூன்று தடவை கேட்டும் எழுதாமல் தள்ளிப்போட்டேன். இந்தச் சாட்சியில் நான் நல்லவளாக வரவில்லை. அதுதான் காரணம்.

கட்டிலில் ஆள் இல்லை. வெளிக்கதவு திறந்து கிடந்தது. இதிலிருந்துதான் என்னால் தொடங்க முடிகிறது. இன்றைக்கும் கண்ணை மூடினால் முதலில் அந்தக் கதவுதான் வருகிறது.

எங்கள் வீடு திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் போகிற வழியில் இருக்கிறது. என் கணவர் தேவராஜ் வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை ஏற்றி இறக்கும் வேலை செய்தார். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு அவரால் குனியக்கூட முடியவில்லை. மகள் பிளெஸ்ஸி நர்சிங் படிப்பில் சேர்ந்த வருடம் அது. விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு நான் மஸ்கட்டுக்குப் போனேன். அங்கே ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வீட்டில் எல்லோரும் அவரை உம்மி என்று கூப்பிடுவார்கள். அவர்கள் பாஷையில் அம்மா என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன். உம்மிக்கு மறதி நோய். மகள் ஹுதா பள்ளிக்கூட டீச்சர். காலை ஆறரைக்குக் கிளம்பினால் மதியம் இரண்டுக்குத்தான் வருவார். அதுவரை வீட்டில் உம்மியும் நானும் மட்டும்.

அந்த நாட்டில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஞாயிறு வேலை நாள். வெள்ளிக்கிழமை ஹுதாவின் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்துவிடுவார்கள் என்பதால் அங்குள்ள ஆராதனைக்கு என்னால் போக முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சபையின் ஆராதனையைப் போனில் நேரலையாகப் பார்ப்பேன். திண்டிவனத்தில் ஒன்பது மணி என்றால் அங்கே ஏழரை. ஒரு வாரமும் விட்டதில்லை. 'ஸ்தோத்திரம், மஸ்கட்டிலிருந்து எஸ்தர் ராணி' என்று எழுதிப் போடுவேன். போதகர் பாட்டுகளுக்கு நடுவே அந்தப் பெயர்களை வாசிப்பார். என் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பல வாரங்களில் ஆராதனையை விட அதற்காகத்தான் காத்திருந்தேன்.

அது ஒரு மே மாதக் கடைசி. உம்மிக்குக் காலை ஆகாரம் கொடுத்துக் கட்டிலில் சாய்த்துவிட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பக்கத்து அறையில் உட்கார்ந்தேன். பாதிப் பாட்டில் குப்பைப் பை நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் வெளியே வைத்தேன். திரும்பி வரும்போது கதவைச் சாத்தினேன், பூட்டவில்லை. சாவியைத் திருப்ப எத்தனை நேரம் ஆகும்? ஆனால் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வந்து உட்கார்ந்து கண்ணை மூடி, கையைத் தூக்கி, நன்றாக அழுது ஜெபித்தேன்.

கண்ணைத் திறந்து உம்மிக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். கட்டில் காலி. கழிவறையில் இல்லை. அடுப்படியில் இல்லை. கூடத்துக்கு வந்தால் வெளிக்கதவு அகலமாகத் திறந்திருந்தது. வெயில் உள்ளே வந்து விழுந்திருந்தது. ஒரு செருப்பு வாசலில் கவிழ்ந்து கிடந்தது. அந்த நிமிஷத்தில் இயர்போனில் போதகரின் குரல் கேட்டது: "மஸ்கட்டிலிருந்து நம்ம சகோதரி எஸ்தர் ராணி..."

இயர்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினேன்.

அந்த ஊர் வெயிலை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஒன்பது மணிக்கே தலையில் நெருப்பைக் கொட்டும். தெருவில் ஒரு ஜனம் இருக்காது. எல்லாச் சுவரும் ஒரே உயரம், எல்லா வாசலும் ஒரே நிறம். வலது பக்கம் ஓடினேன். பிறகு இடது பக்கம். திரும்பவும் வலது. உம்மி என்று கத்தினேன். ஒரு வீட்டில் ஏசி ஓடுகிற சத்தம் தவிர வேறொன்றும் இல்லை.

ஜெபம் பண்ண வாய் வரவில்லை. எத்தனையோ கூட்டங்களில் பத்து நிமிஷம் நிற்காமல் ஜெபித்தவள் நான். எந்த முகத்தோடு ஆண்டவரைக் கூப்பிடுவது? அவரைப் பாடிக்கொண்டிருந்ததால்தானே இது நடந்தது என்று நினைத்தேன். இல்லை, அதுவும் பொய். என் பெயரைக் கேட்கக் காத்திருந்ததால் நடந்தது. நடு ரோட்டில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு வரிதான் வந்தது. "ஆண்டவரே, தப்பு என்னோடது. அவங்கள மட்டும் காப்பாத்துங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

தெருக்கோடியில் காசிம் பாயின் மளிகைக் கடை. நம் கோட்டக்குப்பத்துக்காரர். இருபது வருடமாக அங்கே இருப்பவர். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்ததுமே தராசை விட்டுவிட்டு வெளியே வந்தார். சொன்னேன்.

"பயப்படாதம்மா. ஜல்தியா சொல்லு, என்ன டிரஸ் போட்டுக்கினு இருந்தாங்க?"

பச்சைப் பூப் போட்ட நீள அங்கி என்றேன். அவர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சலூன்காரர், லாண்டரிக்காரர், பெட்ரோல் பங்க் பையன்கள் எல்லோருக்கும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, அவங்க மகளுக்குச் சொல்லிட்டியா என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"வேணாம்மா. இப்பவே சொல்லு. நாம மறைச்சிக்கினு தேடுற ஒவ்வொரு நிமிஷமும் அந்தம்மா வெயில்ல நிக்கறாங்க."

ஹுதாவுக்குப் போன் பண்ணினேன். உம்மியைக் காணோம் என்று சொன்னதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

காசிம் பாய் தன் சரக்கு வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டார். எந்தப் பக்கம் போயிருப்பாங்க, ஏதாவது சொல்லிக்கினே இருப்பாங்களா, யாரையாவது தேடுவாங்களா என்று வழியெல்லாம் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதினோரு மாதம் அந்த அம்மாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டியிருக்கிறேன். தினமும் ஏதோ ஒரு வார்த்தையைச் சொல்லி என் கையை இழுப்பார். அது என்னவென்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. பாதி நேரம் என் காதில் செய்தியோ பாட்டோ இருக்கும். 'சரி உம்மி, சரி உம்மி' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தபோது அது என் நெஞ்சைக் கிழித்தது.

லாண்டரிக்காரரிடமிருந்து போன் வந்தது. பச்சை அங்கி போட்ட ஒரு வயதான அம்மா வாதிப் பக்கம் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். வாதி என்றால் மழை வந்தால் மட்டும் தண்ணீர் ஓடுகிற ஆறு. மற்ற நாளில் வெறும் கல். வண்டி அங்கே போய் நின்றது.

வாதிமேல் இருந்த பாலத்துக்கு இந்தப் பக்கம், நிழலே இல்லாத இடத்தில், உம்மி கல்மேல் உட்கார்ந்திருந்தார். சாலையோரச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற ஒரு வங்காளத் தொழிலாளி அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தன் துண்டை நனைத்து உம்மியின் தலையில் போட்டிருந்தார். தன் நிழல் அவர் மேல் விழும்படி வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றார். உம்மி எழுந்திருக்கவில்லையாம். அவரைத் தனியே விட்டுப் போகவும் இந்த மனிதருக்கு மனம் வரவில்லை. உம்மியின் உதடு வெடித்திருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து அதே வார்த்தையைச் சொன்னார்.

நான் கல்லில் முழங்கால் படிய விழுந்தேன். ஜெபிக்க இல்லை, கால் நிற்கவில்லை.

அந்தத் தொழிலாளி காசிம் பாயிடம் இந்தியில் சொன்னதைப் பாய் எனக்குச் சொன்னார். அவருக்கு வழக்கமான இடம் நெடுஞ்சாலையின் மறுபக்கம். அன்று காலை பாலத்தடியில் பைப் ஒழுகுகிறது என்று இங்கே அனுப்பியிருக்கிறார்கள். பிரியமானவர்களே, நான் கண்ணை மூடிக்கொண்டு என் பெயருக்காகக் காத்திருந்த நேரத்தில் என் ஆண்டவர் ஒரு பைப்பை ஒழுகவிட்டிருந்தார். நான் கூப்பிடுவதற்கு முன்பே அந்த மனிதர் அங்கே போய்விட்டார். தற்செயல் என்று சிலர் சொல்லலாம். அந்தக் கல்மேல் விழுந்து கிடந்த என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

உம்மியை ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். அங்கே வந்த ஹுதா என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எப்படி நடந்தது என்ற கேள்வி எப்போது வரும் என்று மூன்று நாள் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். துவைத்த விரிப்பையே மறுபடி துவைத்தேன். கதவைப் பூட்டினேன், திறந்தேன், பூட்டினேன்.

கணவரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பயந்துபோனார்.

"ராணி, நீ பாத்ரூம்ல குளிச்சிக்கினு இருந்தன்னு சொல்லிடு. யாரு பாத்தாங்க? புள்ள படிப்ப நெனச்சுக்க."

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கும் அதுதான் தோன்றியது. எத்தனை மணிக்குக் குளித்தேன், துணி எங்கே காய்ந்தது என்று எல்லாவற்றையும் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும், தப்பு என்னோடது என்று ரோட்டில் நின்று சொன்னது நினைவுக்கு வரும். ஆண்டவரிடம் ஒன்று, ஹுதாவிடம் ஒன்றா? கேட்டதை ஆண்டவர் கொடுத்துவிட்டார். நான் சொன்னதை இப்போது மாற்றுவதா?

நான்காம் நாள் உம்மியைக் கூட்டி வந்தார்கள். அன்று சாயங்காலம் ஹுதா கேட்டார். எனக்குத் தெரிந்த அரபியிலும் ஆங்கிலத்திலும் உள்ளதைச் சொன்னேன். போனில் எங்கள் ஊர்ச் சபையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கதவைப் பூட்டவில்லை, கண்ணை மூடியிருந்தேன்.

"தொழுதுகொண்டிருந்தாயா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

பிறகு சொன்னார்: "நானும் தொழுகிறவள்தான், எஸ்தர். ஆனால் கதவைப் பூட்டிவிட்டுத்தான் தொழுவேன்."

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்று கேட்டதில்லை.

வேறு ஆள் பார்க்கப் போவதாகவும், அதுவரை நான் இருக்கலாம் என்றும் சொன்னார். இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதம்தான் நான் அங்கே ஊழியம் செய்தேன் என்று சொல்வேன். ஹுதா திரும்பி வரும்வரை போனைத் தொடவில்லை. உம்மிக்குத் தலை வாரும்போது மெதுவாகப் பாடுவேன். அவர் விரலால் கட்டிலில் தாளம் போடுவார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று ஹுதாவிடம் கேட்டேன். ஃபலஜ். மலைக் கிராமங்களில் ஓடுகிற வாய்க்கால். உம்மி சிறு பெண்ணாக இருந்தபோது குடம் எடுத்துப் போன வாய்க்காலாம். அன்று அவர் தண்ணீருக்குப் போயிருக்கிறார். அதன் பிறகு தினமும் அந்த வாய்க்காலைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்பேன். பாதி புரியாது. ஆனால் கேட்பேன்.

புதிய பெண் வந்ததும் ஒரு வாரம் கூட இருந்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். ஆகாரத்தை விட, மாத்திரையை விட, சாவியைப் பற்றித்தான் அதிகம் சொன்னேன். கிளம்பும் அன்று ஹுதா வாசல் வரை வந்தார். "நீ பொய் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்" என்றார். அது நன்றியா, வருத்தமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. என் கையைப் பிடித்திருந்தார்.

வேலை போனது போனதுதான். ஆண்டவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நானும் அதைக் கேட்டிருக்கவில்லை. ஆனால் நாங்கள் கைவிடப்படவில்லை. என் கணவருக்குத் திண்டிவனத்தில் ஒரு திருமண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது, குனிய வேண்டாத வேலை. விமான நிலையத்திலிருந்து ஊருக்கு வரும் பஸ்ஸில் அவராகவே, அன்னைக்கு நான் சொன்னது தப்பு என்றார். பிளெஸ்ஸி இப்போது கடைசி வருடம் படிக்கிறாள். நான் தினமும் காலை ரயிலில் விழுப்புரம் போய், பக்கவாதம் வந்த ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் பேச்சு குழறும். நான் காது கொடுத்துக் கேட்கிறேன். சில ஞாயிறுகளில் சபைக்கு வர முடிவதில்லை. அந்த நாட்களிலும் ஆராதனையில்தான் இருக்கிறேன் என்று நம்புகிறேன்.

பதற்றம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், எதையோ பூட்டாமல் வந்துவிட்டது போல. அப்போதெல்லாம் ஆண்டவரோடு பேசுவேன்.

இதை வாசிக்கிற சகோதர சகோதரிகளே, வெளிநாட்டில் இருப்பவர்களே, உள்ளூரில் இருப்பவர்களே, நியாயம் நம் பக்கம் இருக்கும்போது ஜெபிப்பது சுலபம். தப்பு உங்கள் பேரில் இருக்கும் ஒரு நாள் வரும். அன்று கூப்பிடத் தகுதியில்லை என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். தப்பு என்னோடது என்று சொல்லியே கூப்பிடுங்கள். அவர் காதை அடைத்துக்கொள்கிறவர் அல்ல. ஆனால் நின்று கூப்பிடாதீர்கள். கூப்பிட்டுக்கொண்டே ஓடுங்கள். நீங்கள் தேடுகிற ஆள் இன்னும் வெயிலில் இருக்கலாம்.