வெள்ளைக்காரி சொன்ன ஓம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் ரொறொன்ரோவின் கிழக்கே, மோர்னிங்சைட் பக்கத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எனக்கு அது மூன்றாவது குளிர்காலம். அது முடிகிற நேரத்தில், பனி எல்லாம் கறுத்து, றோட்டோரம் அழுக்கு மேடாகக் கிடந்த ஒரு திங்கட்கிழமை நடந்தது இது.

அப்போது ஊரெல்லாம் வேலையில்லாமல் கிடந்தது. நாங்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம், வெள்ளைக்காரருக்கும் அதே கதிதான். பஸ்ஸில் போனால் இரண்டு பக்கமும் பூட்டிய பக்ரறிகள், வாசலில் வாடகைக்கு என்ற பலகைகள். வேலையால் நிற்பாட்டுவதைச் சொல்கிற 'லே ஓவ்' என்ற சொல் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தவர்களைக் கண்டால் சுகம் விசாரிப்பதற்கு முன்னால், "வேலை இன்னும் இருக்கோ?" என்றுதான் கேட்போம்.

என் கணவர் வேலை செய்த தளபாடத் தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள். வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற காசில் சில மாதம் ஓடியது. அதுவும் அடுத்த மாதத்தோடு நிற்கப்போகிறது. அதற்குப் பிறகு வெல்பெயர் என்கிற அரசாங்கத் தருமக் காசுக்குத்தான் போக வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டாலே மனிதருக்குச் சோறு இறங்காது. ஊரில் நாலு பேருக்கு வேலை கொடுத்தவர். இங்கே போய்க் கையேந்துவதா என்று யோசித்து யோசித்தே பாதியாய் இளைத்துப்போனார். எனக்கோ அவருடைய முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அந்த நேரம்தான் மேல்மாடியில் இருந்த அன்ரி ஒரு தகவல் கொண்டுவந்தார். கார் விளக்குகள் பொருத்துகிற ஒரு பக்ரறியில் திங்கட்கிழமை காலையில் வாசலில் வரிசையாக நிற்க வேண்டுமாம். சுப்பவைசர் வந்து, இரண்டு கேள்வி கேட்டு, தேவையான ஆட்களை அங்கேயே எடுப்பாராம். சின்னச் சாமான்களைப் பொருத்துகிற வேலை என்பதால் கூடுதலாகப் பெண்கள்தான் போகிறார்களாம்.

"நீர் ஒருக்காப் போய்ப் பாருமன்" என்றார் கணவர். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆங்கிலத்தில் நான் ஊமை இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எழுதினால் வாசிப்பேன். ஆனால் ஒருவர் எதிரே நின்று கடகடவென்று பேசினால் பாதி காதுக்குள் போகும், மீதி காற்றோடு போகும். அதனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் ஒத்திகை நடந்தது. கணவர் கோட்டுப் போட்டுக்கொண்டு சுப்பவைசராகக் கதிரையில் இருந்தார். நான் வாசலில் நிற்கிற ஆள். நாள் முழுக்க நின்று வேலை செய்வாயா, பின்னேர ஷிப்ற்றுக்கு வருவாயா என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார், நான் பதில் சொன்னேன். ஒரு பிழையும் வரவில்லை. "இவ்வளவும் காணும், வேலை உமக்குத்தான்" என்றார். எப்படிப் பிழை வரும்? சுப்பவைசரும் யாழ்ப்பாணத்து ஆள், கேட்கப்பட்டவளும் யாழ்ப்பாணத்து ஆள்.

அடுத்த நாள் காலை நான் போனபோது ஏற்கெனவே நீளமான வரிசை. கால் விரல்கள் எனக்குச் சொந்தம் என்பதே மறந்துவிடுகிற குளிர். எனக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து நின்றார். சிவப்புக் கம்பளித் தொப்பி, தோய்த்துத் தோய்த்து வெளுத்த ஜாக்கெற், கிட்ட வந்தாலே சிகரெட் மணம். கொஞ்ச நேரத்தில் என்னோடு கதை கொடுக்கத் தொடங்கினார். குளிரைப் பற்றி, பஸ் பிந்தி வந்ததைப் பற்றி, இந்த ஊரில் இப்படி ஒரு காலத்தைத் தான் கண்டதே இல்லை என்பதைப் பற்றி. விளங்கினதுக்கும் விளங்காததுக்கும் சேர்த்து நான் தலையை ஆட்டினேன்.

நான் தலையை ஆட்டுகிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்மணி சிரித்தார்.

முதலில் பேசாமல் விட்டேன். மூன்றாவது முறை எனக்குச் சுள்ளென்று ஏறியது. வேலை கேட்டு வந்தாலும் பகிடி பண்ண நான் என்ன பொம்மையா என்று மனதுக்குள் திட்டிவிட்டு, முன்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பிறகு அவர் கதைத்தும் நான் திரும்பவில்லை.

கதவு திறந்தது. சுப்பவைசர் உயரமான, களைத்த முகமுள்ள மனிதர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். சிலர் உள்ளே போனார்கள், சிலர் திரும்பிப் போனார்கள். எனக்கு முன்னால் நின்றவளை உள்ளே விட்டதும் அவர் வரிசையைப் பார்த்து, இன்னும் ஒரே ஒரு ஆள்தான் என்று உரத்துச் சொன்னார். அடுத்த ஆள் நான்தானே.

கேள்விகள் கணவர் கேட்ட கேள்விகளேதான். நாள் முழுக்க நிற்க முடியுமா என்றதற்குப் பாடமாக்கியபடி பதில் சொன்னேன். அடுத்து, இன்றைக்கே பின்னேர ஷிப்ற்றுக்கு வர முடியுமா என்று கேட்டார். இன்றைக்கேயா! சந்தோசத்தில் பாடமாக்கிய ஆங்கிலம் எல்லாம் பறந்துவிட்டது. "ஓம்" என்றேன். சொன்னதோடு விட்டேனா? தலையையும் இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக நன்றாக ஆட்டினேன்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். ஏதோ சொல்லி, பெருவிரலால் என்னை ஒரு பக்கம் ஒதுங்கச் சொன்னார். வேலை கிடைத்துவிட்டது, உள்ளே போவதற்கு அங்கே காத்திருக்கச் சொல்கிறார் என்று நினைத்து, நான் ஒதுங்கி நின்று பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தச் சிவப்புத் தொப்பிப் பெண்மணியின் முறை. சுப்பவைசர் அவரிடம் அதே கேள்வியைக் கேட்டார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் சிரிப்பையும் பார்த்தார். பிறகு சுப்பவைசரிடம், "அவளை ஏன் விட்டாய்? அவள் சம்மதம் சொன்னாளே" என்றார்.

அவள் 'அம்' என்று இழுத்தாள், தலையாலும் மாட்டேன் என்று காட்டினாள் என்றார் அந்த மனிதர். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளைக்காரருக்கு அப்படி இழுத்தால் தயக்கம், தலை பக்கவாட்டில் போனால் மறுப்பு. கிடைத்த வேலையை என் வாயாலும் தலையாலும் நானே வேண்டாம் என்று தள்ளிவிட்டிருக்கிறேன். வீட்டில் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவருக்கு நான் என்ன சொல்வேன்?

"இல்லை. ஓம்" என்றார் அந்தப் பெண்மணி. "ஓம் என்றால் யெஸ்." சொல்லிவிட்டு எங்களைப் போலவே, அச்சு அசலாக, தலையை ஆட்டியும் காட்டினார்.

ஒரு வெள்ளைக்காரியின் வாயிலிருந்து எங்கள் ஓம்! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

சுப்பவைசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உடனே முகம் மாறி, தன்னிடம் இருப்பது ஒரே ஒரு இடம், அது தெரியும்தானே என்று அவரிடம் மெதுவாகக் கேட்டார். தெரியும், அவள் எனக்கு முன்னால் நின்றவள் என்றார் அந்தப் பெண்மணி. பிறகு என்னிடம் வந்து, கையுறை போட்ட விரல்களால் என் நாடியைப் பிடித்தார், தலை ஆடாமல் இருக்க. சின்னப் பிள்ளைக்கு மருந்து பருக்கும்போது பிடிப்பார்களே, அப்படி. இனிச் சொல் என்றார்.

"யெஸ்" என்றேன். அழுகையும் சேர்ந்துதான் வந்தது.

உள்ளே போகச் சொன்னார்கள். நான் போகாமல், திரும்பி நடக்கத் தொடங்கிய அந்தப் பெண்மணியின் பின்னால் ஓடினேன். என் நொண்டி ஆங்கிலத்தில், ஓம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். குளிர் ஜாக்கெற் தைக்கிற பக்ரறி ஒன்றில் வேலை செய்தாராம். பல வருடமாகப் பக்கத்து மெஷினில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி. மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடுவார்களாம். அவளோடு பழகிய தொடக்கத்தில், எதைக் கேட்டாலும் இவள் மாட்டேன் என்கிறாளே என்று கோபித்துக்கொண்டு திரிந்தாராம். டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் பக்ரறியை மூடியதும் எல்லோரும் ஒவ்வொரு திசையில் போய்விட்டார்கள். அவள் எங்கே என்று தெரியாது. நீ தலையை ஆட்ட ஆட்ட அவளைக் கண்டது போல இருந்தது என்றார். அந்தச் சிரிப்புக்கு நான் மனதுக்குள் திட்டியதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

உங்களுக்கு வேறு வேலை கிடைக்குமா என்று கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார், எங்களைப் போலவே. பிறகு பஸ் தரிப்பைப் பார்த்து நடந்து போய்விட்டார். கிடைக்கும் என்று ஆட்டினாரா, கிடைக்காது என்றா, கிடைக்காவிட்டால்தான் என்ன செய்வது என்றா? பிறந்ததிலிருந்து இந்தத் தலையாட்டலோடு வளர்ந்த எனக்கே விளங்கவில்லை.

பக்ரறிப் போனில் கணவருக்குச் செய்தி சொன்னேன். வேலை முடிந்து வந்து முழுக் கதையையும் சொன்னபோது, நாடியைப் பிடித்த இடத்தில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பு அது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இஞ்சேரும், அவவின்ரை இடத்திலை நீர் நிண்டிருந்தா வாய் திறந்திருப்பீரே?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். "ஓமெண்டுறீரோ, இல்லையெண்டுறீரோ?" என்றார், யாழ்ப்பாணத்து மனிதர்.

அந்தப் பக்ரறியில் நான் பல வருடம் வேலை செய்தேன். நாங்கள் வெல்பெயருக்குப் போகவில்லை. அந்தப் பெண்மணியைப் பக்ரறி வாசலில் நின்ற ஒவ்வொரு வரிசையிலும் தேடினேன், பிறகு காணவே இல்லை. கணவர் அன்று கேட்ட கேள்விக்குத் தலையை ஆட்டாமல் வாயால் 'ஓம்' என்று சொல்லக்கூடிய ஆளாக நான் ஆகிவிட்டேனா என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.