மடங்காத கணுக்கால்

கல்யாணமான இரண்டாம் வருஷம், தோட்டத்துக் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து என் வலது கணுக்கால் முறிந்தது. கட்டுப் போட்டதில் எலும்பு கூடியது. ஆனால் கோணலாகக் கூடியது. அதன்பின் காலைத் தரையில் ஊன்றும்போதெல்லாம் மூட்டுக்குள் கல் அரைபடுவது போல வலிக்கும். பருத்திக்காட்டுக்குப் போகும் பெண்கள் கண்ணுக்கு மறைந்த பிறகும் நான் பாதி வழியில் நிற்பேன். சங்கரன்கோவில் சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து, என் வீட்டுக்காரர் என்னை ரயிலேற்றி மதுரைக்கு அழைத்துப் போனார். மாமியாரும் கூட வந்தார்கள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

“மூட்டு தேஞ்சு போச்சும்மா. அந்த இடத்தைச் சீவிட்டு மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் ஒண்ணா ஒட்ட வச்சிடலாம். வலி போயிடும். ஆனா கணுக்கால் அப்புறம் மடங்காது.”

மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மடங்காத காலை வச்சுக்கிட்டு இவ அடுப்பு முன்னால எப்படிக் குத்தவைப்பா? களை எப்படி எடுப்பா? வேண்டாம்யா, ஊருக்குப் போவோம்.”

“கால் அவளுக்குள்ளது. அவ சொல்லட்டும்மா” என்றார் என் வீட்டுக்காரர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதுவரை எந்தக் காரியத்துக்கும் யாரும் என்னைக் கேட்டதில்லை. “ஒட்டிருங்க” என்றேன்.

மாவுக்கட்டு மாதக்கணக்கில் கிடந்தது. உள்ளே அரிப்பெடுத்தால் விசிறிக் காம்பை விட்டுச் சொறிவேன். கட்டைப் பிரித்தபோது கால் சுள்ளி மாதிரி மெலிந்திருந்தது. நர்ஸின் தோளைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். அந்தப் பழைய வலி வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். வரவில்லை. அழுதுவிட்டேன்.

ஆனால் மாமியார் பயந்ததும் நடந்தது. குத்தவைக்க முடியவில்லை. உழுத கரிசலில், மேடுபள்ளத்துக்குப் பாதம் வளைந்து கொடுக்காமல் தடுமாறினேன். களை எடுக்கப் போவது நின்றது.

ஒருநாள் மாமியார் சமையல்கட்டில் செம்மண் குழைத்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன அத்தை செய்யுதீக?”

“ஒனக்குத்தான் திண்டு கட்டுதேன். நின்னுக்கிட்டே சோறு பொங்கு.”

இடுப்பு உயரத் திண்டில் அடுப்பு ஏறியது. நின்றுகொண்டு சமைப்பதைத் தெருவே வந்து வேடிக்கை பார்த்துச் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருத்தி, நிறைமாதமாக இருந்தபோது, தன் வீட்டிலும் ஒரு திண்டு கட்டச் சொன்னாள்.

மடங்காத மூட்டின் வேலையையும் சேர்த்துச் செய்த பாதத்து மூட்டுகள், இப்போது மழைக்காலத்தில் குடைகின்றன. எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தால் நினைப்பு கட்டுப் பிரித்த மறுவருஷத்துச் சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் போய்விடும். ஒற்றைக்காலில் தவம் நின்ற அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, கோயிலைச் சுற்றிச் சுற்றி வரும் பெண்கள் கூட்டத்தில் நானும் இருந்தேன். கல் தளம் சமமாக இருந்ததால் கால் தானாகப் போனது. பின்னாலிருந்து மூச்சு வாங்க ஒரு குரல் கேட்டது.

“ஏட்டி, எங்க ஓடுதே? நில்லு, நானும் வாரேன்.”

மாமியார்தான். நின்று, அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.